மறைத்தலும் உரைத்தலும்: மார்பகப் புற்றுநோயும் மறுவாழ்வும்

விழா மலர்களிலே கல்லூரியின் வரலாறும், ஆசிரியப் பெருந்தகைகளின் புகழும், விளையாட்டரங்கின் வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே பெண்களின் மார்பகத்தில் தோன்றும் நோயொன்றைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயினும் இம்மலரைக் கையில் ஏந்தும் ஒவ்வொருவரும் ஒரு தாயின் மகன்; பலர் கணவர்; பலர் தமையரும் தந்தையரும் ஆவர். இலங்கையில் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோயே. உலக சுகாதார தாபனத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கணும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் மாண்டனர். அன்றியும் இந்நோய் காண்பவர் நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர் ஆண்மகன் என்பதையும் நாம் மறத்தலாகாது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை நோயுற்றவன், அதனைத் தீர்ப்போன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என நான்கு கூறாக வகுத்துரைத்தார். முதல் மூன்று கூறுகளைப் பற்றியும் வைத்திய நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நான்காவது கூறாகிய துணைவனுக்கு வேண்டிய அறிவோ நம் வீடுகளிலே மிகக் குறைவு. சிகிச்சை இன்று எவ்வளவோ முன்னேறியிருந்தும், நோயை மறைத்துவைக்கும் பழைய வழக்கம் அம்முன்னேற்றத்தின் பயனைப் பறித்துவிடுகின்றது. அம்மறைப்பு எதனால் எழுந்தது, எவ்வாறு சிறிது சிறிதாக நீங்கியது, நீங்கிய இடங்களிற் சிகிச்சையும் வாழ்வும் எவ்வாறு சிறந்தன என்பவற்றைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

மார்பகத்தினுள்ளே பால் சுரக்கும் சுரப்பிகளும், அப்பாலைக் காம்பிற்குக் கொணரும் நுண்ணிய கான்களும் உள்ளன. அவற்றின் உட்புறத்தை அணிசெய்யும் கலங்களிற் சில உடலின் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்குவதே இந்நோயின் தோற்றம். பெருகிய கலங்கள் கான்களின் சுவரைத் துளைத்து அயலிழையங்களுட் புகும். நிணநீர் வழியே அக்குளிலுள்ள கணுக்களை அடையும். குருதி வழியே என்பு, நுரையீரல், ஈரல், மூளை முதலிய தூரத்து உறுப்புகளிற் சென்று தங்கும். உயிருக்கு இறுதி விளைவிப்பது பெரும்பாலும் மார்பகத்துக் கட்டியன்று. தூரத்தே சென்று தங்கியவையே. இவ்வொன்றை உள்ளத்திற் பதித்துக்கொண்டால் சிகிச்சையின் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. நோயாளியின் கோப்பையிலே தேநீர் அருந்துவதாலோ, அவருடைய மடியிற் பிள்ளை உறங்குவதாலோ எவருக்கும் இது வாராது. ஒழுக்கக் குறைவினாலோ கண்ணூறினாலோ வருவதுமன்று. வயது ஏறுதல் இதற்குப் பெருங்காரணம். மதுபானம், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மிகைப்பருமன் ஆகியனவும் துணைக்காரணங்களாம். தாய்ப்பால் ஊட்டுதல் ஓரளவு காப்பளிக்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையான நோயாளரிடத்தே பரம்பரைக் காரணம் காணப்படுகின்றது. பீஆர்சீஏ 1, பீஆர்சீஏ 2 எனப்படும் பரம்பரை அலகுகள் முறையே 1994, 1995ஆம் ஆண்டுகளிற் கண்டறியப்பட்டன. பழுதுற்ற அவ்வலகு தாய்வழியேயன்றித் தந்தைவழியேயும் மகளைச் சேரும் என்பதைத் தந்தையர் அறிதல் வேண்டும்.

கத்தி சுருங்கிய வரலாறு

எட்வின் ஸ்மித் என்பாரின் பெயரால் வழங்கும் பண்டை எகிப்தியப் பப்பிரசுச் சுருள், மார்பகக் கட்டிகளை விவரித்துவிட்டு இதற்குச் சிகிச்சை யாதுமில்லை எனக் கைவிடுகின்றது. 1804இல் யப்பானிய வைத்தியர் ஹனவோக்கா செய்ஷூ, தாம் ஆக்கிய மூலிகைக் கலவையாற் பெண்ணொருவரை ஆழ்ந்து மயங்கச் செய்து மார்பகக் கட்டியை அகற்றினார். மேற்குலகு ஈதர் என்னும் மயக்கமருந்தை அறிந்தது அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே. ஆங்கில நாவலாசிரியை பனி பேர்ணி 1811இற் பாரிஸ் நகரில் மயக்கமருந்து ஏதுமின்றி மார்பகம் அகற்றப்பெற்றார். பல திங்கள் கழித்து அவ்வேதனையைத் தம் தமக்கைக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அதன்பின் 1840 வரை உயிர்வாழ்ந்தார். இந்நோயைப் பற்றி நோயாளியே வாய்திறந்து உரைத்த முற்கால ஏடுகளுள் அக்கடிதம் தலைசிறந்தது எனலாம்.

மயக்கமருந்தும் கிருமி நீக்கலும் வந்தபின் கத்தி துணிவு பெற்றது. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் வில்லியம் ஹோல்ஸ்ரெட், 1894இல் தமது முறையை வெளியிட்டார். நோய் மையத்திலிருந்து வட்டம் வட்டமாகப் பரவுகின்றது. ஆதலின் வேரோடு களைய வேண்டும் என்பது அவர் கொள்கை. மார்பகம், அதன்கீழுள்ள மார்புத் தசைகள், அக்குட் கணுக்கள் யாவும் ஒருங்கே அகற்றப்பட்டன. அவர் காலத்து நோயாளர் பெருங்கட்டிகளோடு வந்தமையால் அம்முறை பலருக்கு ஆறுதல் அளித்தது உண்மையே. ஆயினும் விலாவென்புகள் தோலின்கீழ்த் தெரிய, கை வீங்கித் தோள் உயராத நிலையில் எத்தனையோ பெண்கள் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தனர். ஏறத்தாழ எண்பதாண்டுகள் அம்முறையே அமெரிக்காவில் ஆட்சிசெய்தது.

நிற்க, அக்காலத்திலேயே மாற்றுக்குரல்களும் எழுந்தன. லண்டனில் ஜெப்ரி கெயின்ஸ் 1920களிற் சிறிய அறுவையோடு இரேடியம் ஊசிகளைப் பயன்படுத்தினார். எனினும் தனி வைத்தியர் ஒருவரின் அனுபவம் உலகின் வழக்கத்தை மாற்றவல்லதன்று. ஒப்புநோக்கிச் சோதித்தலே மாற்றவல்லது. பிற்ஸ்பேர்க் நகரத்துப் பேணாட் பிஷர் 1971இல் தொடங்கிய சோதனையில் 1,600க்கு மேற்பட்ட பெண்கள் பங்குகொண்டனர். தசைகளையும் அகற்றிய முறைக்கும், மார்பகத்தை மட்டும் அகற்றிய முறைக்குமிடையே உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. 1976இல் அவர் மற்றொரு சோதனையைத் தொடங்கிக் கட்டியை மட்டும் அகற்றுதலை மார்பகம் முழுவதையும் அகற்றுதலோடு ஒப்பிட்டார். மிலான் நகரத்து உம்பேர்ட்டோ வெரொனேசியும் 1973 முதல் 701 பெண்களிடத்தே இத்தகைய ஆய்வை நடத்தினார். 2002இல் இருவரும் இருபதாண்டு முடிவுகளை வெளியிட்டனர். மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களும் இழந்தவர்களும் சம அளவிலேயே உயிர்வாழ்ந்திருந்தனர்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பிஷரின் ஆய்விற் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுப் பெறாதோருள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டும் தோன்றியது. கதிர்வீச்சுப் பெற்றோருள் 14 பேருக்கே தோன்றியது. ஆதலின் மார்பகத்தைக் காக்கும் சத்திர சிகிச்சையும் கதிர்வீச்சும் இரட்டைப் பிள்ளைகள் போல்வன. பெரும்பாலோருக்கு ஒன்றை ஏற்று மற்றதைக் கைவிடுதல் தகாது. முன்னர் ஐந்து வாரங்கள் அளிக்கப்பட்ட கதிர்வீச்சு இன்று பலருக்கு மூன்று வாரங்களிலும், தகுதியுடைய சிலருக்கு ஒரே வாரத்திலும் நிறைவுபெறுகின்றது.

அக்குளிலும் கத்தி சுருங்கியது. நீலச் சாயத்தையோ கதிர்த்தொழிற்பாடுடைய நுண்பொருளையோ மார்பகத்திற் செலுத்தினால் அது முதலிற் சேரும் கணு எதுவென அறியலாம். வாயிலைக் காக்கும் அக்கணுவை எடுத்துச் சோதித்து, அதில் நோய் இல்லையெனின் ஏனையவற்றைத் தொடாது விடுதலே 1990களில் வகுக்கப்பட்ட முறை. இதனாற் கைவீக்கம் பெரிதும் குறைந்தது.

உடல் முழுவதற்குமான மருந்து

கத்தியின் பரப்பைக் கூட்டுவதால் தூரத்தே சென்ற கலங்களை எட்டமுடியாது. அவற்றை எட்டுவது மருந்தே. 1896இல் கிளாஸ்கோ நகரத்து ஜோர்ஜ் பீற்சன் சூலகங்களை அகற்றியபோது முற்றிய மார்பகக் கட்டிகள் சுருங்குவதைக் கண்டு வெளியிட்டார். கட்டிகளுட் பல ஈஸ்திரசன் என்னும் பெண் ஓமோனால் வளர்கின்றன என்பதற்கு அது முதற் சான்று. 1962இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட தமொக்சிபன் என்னும் மாத்திரை அவ்வோமோன் கலத்திற் பற்றுமிடத்தை அடைத்துவிடுகின்றது. ஓமோன் சார்ந்த கட்டியுடையோர் ஐந்தாண்டுகள் அதனை உட்கொண்டால் நோய் மீளும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. விலை குறைந்த இச்சிறு மாத்திரை காத்த உயிர்கள் எண்ணில.

மிலான் நகரத்து ஜியான்னி பொனடொன்னா, அறுவைக்குப்பின் மூன்று மருந்துகளைச் சேர்த்தளித்துப் பெற்ற நன்மையை 1976இல் வெளியிட்டார். 1998இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற திராஸ்துசுமாப், ஹேர் 2 என்னும் புரதம் மிகுந்த கட்டிகளை நோக்கி ஏவப்படும் அம்பு போன்றது. பெருங்கட்டிகளுக்கு மருந்தை முதலிற் கொடுத்துச் சுருக்கிப் பின்னர் அறுத்தலும் இன்று வழக்கமே. எனவே 'உடனே வெட்டவில்லையே, வைத்தியர் கைவிட்டாரோ' என வீட்டார் கலங்கவேண்டியதில்லை.

மறைத்தலின் தீங்கு

முற்காலத்தில் நோயாளி மட்டும் மறைக்கவில்லை, வைத்தியரும் மறைத்தனர். பூச்சிகொல்லிகளின் கேட்டை உலகுக்கு உணர்த்திய அமெரிக்க உயிரியலறிஞர் றேச்சல் கார்சனுக்கு 1960இல் மார்பகம் அகற்றப்பட்டபோது, அக்கட்டி புற்றுநோய் என்பதை அவருடைய வைத்தியர் உரைக்கவில்லை. பல திங்களின் பின் வேறொரு வைத்தியரை நாடியே அவர் உண்மையை அறிந்தார். அறிவியலையே வாழ்வாகக் கொண்ட பெண்மணிக்கே இந்நிலை என்றால் ஏனையோரைச் சொல்லவேண்டுவதில்லை. அவர் 1964இற் காலமானார்.

மற்றொரு வழக்கமும் இருந்தது. கட்டியைச் சோதிப்பதற்கென மயக்கப்படும் பெண், அந்நிலையிலேயே நோய் உறுதியாயின் மார்பகமும் அகற்றப்பட்டே கண்விழிப்பாள். அமெரிக்கப் பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர் 1974இல் தமக்கு நோய் கண்டபோது இதனை எதிர்த்து எழுந்தார். சோதனை வேறு, சிகிச்சை வேறு. இரண்டிற்குமிடையே பெண் சிந்திக்கவும் வினவவும் காலம் வேண்டும் என வாதிட்டார். 1979இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு அக்கருத்தையே ஏற்றது. 1974இல் அந்நாட்டு ஜனாதிபதியின் மனைவி பெற்றி போர்ட் தமது நோயை வெளிப்படையாக அறிவித்தபோது, பெருந்தொகையான பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தனர். ஒருவர் வாய்திறந்தமை பலருக்கு வழிதிறந்தது.

நம் நாட்டில் மறைப்பின் காரணங்கள் வேறு. நாணம் ஒன்று, மகளின் திருமணப் பேச்சுக் குலையும் என்னும் அச்சம் ஒன்று, 'கத்தி பட்டாற் பரவும்' என்னும் பழம்பேச்சு ஒன்று. இறுதியிற் கூறியது தவறு. ஊசியாற் சிறிதளவு இழையம் எடுத்துச் சோதித்தலே நோயை உறுதிசெய்யும் வழி. அதனால் நோய் பரவும் என அஞ்சி மறுத்தல் பெருந்தீங்கு. கத்தி பட்டதன் பின் இறந்தோர் எனச் சுட்டப்படுவோருட் பலர், கத்தி காலந்தாழ்ந்து பட்டமையால் இறந்தோரே.

நோவற்ற கட்டி, தோலிற் குழிவு அல்லது தோடம்பழத் தோல்போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பிலிருந்து குருதி கசிதல், ஆறாத புண், அக்குளிற் கட்டி ஆகியன உடனே காட்டவேண்டிய குறிகள். நோகவில்லையே என்பது ஆறுதலன்று. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் நோவதில்லை. கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதும் உண்மை. அவ்வுண்மையை உறுதிசெய்ய வேண்டியவர் வைத்தியரேயன்றி அயல்வீட்டாரல்லர்.

இழந்ததை மீள அமைத்தல்

கத்தி சுருங்கிய பின்னும் எல்லாருக்கும் மார்பகத்தைக் காத்தல் இயலாது. கட்டி பெரிதாயின், பல இடங்களில் தோன்றின், கதிர்வீச்சுப் பெறமுடியாதெனின், பரம்பரை அலகு பழுதாயின் முழுவதையும் அகற்றுதலே தக்கதாகலாம். அந்நிலையில் எழும் வினா, மீள அமைப்பதா என்பது.

1895இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து வின்சென்ஸ் சேர்னி, நோயாளியின் உடலில் வேறிடத்திலிருந்த கொழுப்புக் கட்டியொன்றை எடுத்து வெற்றிடத்தை நிரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான இகினியோ தன்சினி முதுகுத் தசையையும் தோலையும் முன்னே திருப்பி மார்பை மூடினார். 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரிற் சிலிக்கோன் பைகள் முதன்முதற் பொருத்தப்பட்டன. 1982இல் அற்லான்ரா நகரத்துக் கார்ல் ஹாட்ராம்ப் அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே நகர்த்தி மார்பகம் அமைத்தலை வெளியிட்டார். பின்னர் வந்த நுண்சத்திர சிகிச்சையாளர் தசையை அதனிடத்திலேயே விட்டு, தோலையும் கொழுப்பையும் அவற்றின் குருதிக்குழாய்களோடு எடுத்து, உருப்பெருக்கியின் துணையால் மார்பின் குழாய்களோடு இணைக்கலாயினர்.

ஆகவே இருவழிகள் உள்ளன. சிலிக்கோன் வழி சிறிய சத்திர சிகிச்சை, விரைவிற் குணமாகும். ஆயினும் அது வாழ்நாள் முழுவதற்குமான பொருளன்று. பிற்காலத்தில் மாற்ற நேரிடலாம். கதிர்வீச்சுப் பெற்ற மார்பில் இறுகிச் சுருங்கும் வாய்ப்பு அதிகம். கரடுமுரடான மேற்பரப்புடைய சிலவகைப் பைகள், அரிதான நிணநீர்ப் புற்றுநோயொன்றோடு தொடர்புடையனவென 2019இல் விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டன. தன்னுடல் இழையத்தால் அமைப்பது நீண்டநேரச் சத்திர சிகிச்சை. வயிற்றிலும் தழும்பு எஞ்சும். புகைப்போருக்கும் கட்டுப்படாத நீரிழிவுடையோருக்கும் இடர் அதிகம். ஆயின் அது மென்மையும் வெம்மையும் உடையதாய் உடலோடு உடலாக முதிரும். இருவழியிலும் முன்னைய தொடுவுணர்வு பெரும்பாலும் முழுமையாக மீளாது. இதனை முன்னரே அறியாதார் பின்னர் ஏமாற்றமடைவர்.

அகற்றும்போதே அமைத்தலும், ஆண்டுகள் கழித்து அமைத்தலும் இயலும். இவ்வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஆதலின் முதற் சத்திர சிகிச்சைக்கு முன்னரே வினவுதல் நன்று. அமைக்காது விடுதலும் முழுமையான முடிவே. அமெரிக்கக் கவிஞர் ஓட்றி லோட் 1980இல் வெளியிட்ட தமது நூலிற் செயற்கை மார்பகம் அணிய மறுத்தமையைத் துணிந்து எழுதினார். உள்ளாடையில் வைக்கும் சிலிக்கோன் வடிவமோ, பஞ்சடைத்த துணி வடிவமோ போதும் என்பாரும் உளர். எம்முடிவும் அப்பெண்ணுடையதாதல் வேண்டும். கணவனுக்காகவும் ஊருக்காகவும் எடுக்கப்படும் முடிவு நிலைத்த நிறைவைத் தராது.

சிகிச்சைக்குப் பின்

இறுதி மருந்து ஏறிய நாளில் வீட்டார் 'எல்லாம் முடிந்தது' என மகிழ்வர். நோயாளிக்கோ அன்றுதான் தனிமை தொடங்குகின்றது. மருந்தால் உதிர்ந்த கூந்தல் மீண்டும் வளரும். களைப்போ பல திங்கள் நீடிக்கும். அது சோம்பலன்று. இளம்பெண்களுக்கு மாதவிடாய் நிற்றலும், உடல் திடீரெனக் கொதித்தலும், உறக்கமின்மையும் நேரலாம். சிறு இருமலும் முதுகு நோவும் நோய் மீண்டதோ என்னும் அச்சத்தை எழுப்பும். ஆண்டுதோறும் செய்யும் மமோகிராம் பரிசோதனைக்கு முந்திய இரவுகள் நீண்டவை. அவ்வச்சத்தை நகைத்து ஒதுக்காது செவிமடுத்தலே மருந்து.

அக்குட் கணுக்கள் அகற்றப்பட்டோர் அக்கையைப் பேணுதல் வேண்டும். அடுப்பங்கரைச் சூடும், தோட்டத்து முள்ளும், புண்ணிற் புகும் கிருமியும் வீக்கத்தைத் தூண்டலாம். அதற்காகக் கையை முடக்கிவைத்தல் தவறு. படிப்படியாகக் கூட்டிச்செய்யும் எடைப்பயிற்சி கைவீக்கத்தைப் பெருக்குவதில்லை என 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. சுவரில் விரல்களை ஏணிபோல் ஏற்றும் பயிற்சியும், கூந்தல் வாருதலும், கொடியில் துணி விரித்தலும் தோளை மீட்கும்.

பிள்ளைப்பேறு இனி இல்லை என மனமுடையும் இளம்பெண்களுக்கும் நம்பிக்கை பிறந்துள்ளது. ஓமோன் மருந்தை வைத்தியரின் ஆலோசனைப்படி ஈராண்டு வரை இடைநிறுத்திக் கருவுற முயன்றோரிடத்தே, குறுகிய காலத்தில் நோய் மீளுதல் மிகவில்லை என்பது 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வின் முடிவு. நீண்டகால முடிவுகள் இனிமேலே வரவேண்டும்.

இவ்வாழ்வுக்கு வழிகாட்ட வல்லவர், அவ்வழியே நடந்து மீண்டவரே. நியூயோர்க் நகரத்துத் தெரேஸ் லாசர் 1952இல் மார்பகம் இழந்தார். கையை அசைப்பது எங்ஙனம், எதை உடுப்பது, கணவனிடம் எங்ஙனம் பேசுவது என்பவற்றை எவரும் தமக்குக் கூறவில்லை என உணர்ந்து, வைத்தியசாலைக் கட்டில்களை நாடிச் சென்று, இறப்பர்ப் பந்தும் கயிறும் கொடுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முதலில் வைத்தியர் சிலர் அதனை விரும்பவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அப்பணியைத் தனதாக்கிக்கொண்டது.

நமது கடன்

உலக சுகாதார தாபனம் மூன்று இலக்குகளை வகுத்தது: நோயாளருள் நூற்றுக்கு 60 பேருக்கேனும் தொடக்க நிலையிலேயே நோயறிதல், வைத்தியரை அடைந்து 60 நாளுள் நோயை உறுதிசெய்தல், நூற்றுக்கு 80 பேரேனும் சிகிச்சையை இடைவிடாது முடித்தல். மூன்றிலும் முதலாவதும் மூன்றாவதும் வீட்டின் கையிலேயே பெரிதும் உள்ளன.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் இந்நோய்க்கான சிகிச்சை இலவசம். தெற்கே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையும், வடக்கே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் உள்ளன. பின்னையது, 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பொதுமக்களின் பணத்தால் எழுந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ்ப் பெண்களுக்கென நடைபெறும் கிளினிக்குகளில் 35 வயதுக்கு மேற்பட்டோர் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். குடும்பநல உத்தியோகத்தரை வினவினால் நாளும் இடமும் கூறுவர்.

பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கன அரியனவல்ல. மனைவியையோ தாயையோ கிளினிக்குக்கு அழைத்துச் சென்று வெளிவாங்கிலில் அமர்ந்திருத்தல். வைத்தியர் கூறுவதைத் தாளிற் குறித்துக்கொள்ளுதல். மருந்தேற்றும் நாட்களில் அடுப்படியைத் தாமே ஏற்றல். மாத்திரை தீருமுன் வாங்கிவைத்தல். தழும்பைக் கண்டு முகம் திருப்பாதிருத்தல். நோய் வந்த வீடென்று பெண் கொள்ளத் தயங்குவோரிடத்தே உண்மையை எடுத்துரைத்தல். இவற்றுக்குப் பட்டமும் பணமும் வேண்டா. நூறாண்டு முயற்சியால் வைத்தியர் கத்தியைச் சுருக்கினர். மௌனத்தைச் சுருக்குதல் நம்முடைய கடன். கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டதென ஒரு பெண் தன் வீட்டில் அன்றே அச்சமின்றிச் சொல்லக்கூடுமாயின், சிகிச்சையின் முதற்படியை அவ்வீடு ஏறிவிட்டது என்க.